கன்ட்ரோல் ரூமுக்கு ஒரு லைன்

ஏணியைச் சுவத்துல சாய்க்காதீங்க தம்பி. அப்படியே கீழ படுக்க வைங்க. நான் ஃபைபர் லைன் எதுவும் கேக்கலை. விலாசம் சரிதான். போடி, பழைய மார்க்கெட் தெரு, மாடியில பெரிய டிஷ் இருக்கிற வீடு. இதுதான். ஆனா இந்த வீட்டுல இருக்கிறது நான் ஒருத்தன். நான் கேக்கலை. அப்புறம் யார் கேட்டிருக்க முடியும்?

பேரா? பேரை எதுக்குப் படிக்கிறீங்க? அந்தப் போனை முதல்ல பையில வைங்க. உங்க ஆபீஸ்ல எவனாவது வீட்டை மாத்தி எழுதியிருப்பான். கம்ப்யூட்டர்ல எழுதிட்டா அது வேதம்னு நினைப்பு உங்களுக்கெல்லாம்.

உங்களைச் சொல்லலை. உங்களுக்கும் நாப்பது இருக்கும்போல, மீசை நரைச்சிருக்கு. இதுக்கு முன்னால என்ன வேலை? ஸ்பின்னிங் மில்லா? அதை மூடினதும் இதுக்கு வந்துட்டீங்க. ம். கம்பிச் சுருளோட இன்னொருத்தர் வரணுமா? அப்ப அவர் வர்ற வரைக்கும் இப்படி நிழல்ல உட்காருங்க. தண்ணி குடிங்க. இந்த வீட்டுல வேலை இல்லைன்னு நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.

என்னைத் தெரியலையா? சொந்த ஊர் எது? ஆண்டிபட்டியா. அதான். தெய்வேந்திரன்னு கேட்டா இந்த ஊர்ல எவனுக்கும் தெரியாது. கேபிள் தெய்வான்னா சின்னக் குழந்தைக்கும் தெரியும். தெரியும்னு சொல்றதை விட தெரிஞ்சுதுன்னு வச்சுக்குங்க.

மாடியில பாருங்க, அந்த டிஷ். இப்ப காக்கா உட்கார்றதுக்கு ஆச்சு. அது வந்த அன்னைக்கு இந்தத் தெருவுல மாட்டு வண்டி போக இடமில்லை, அவ்வளவு கூட்டம். அதுக்கு முன்னால டிவின்னா என்ன? மூங்கில் கம்புல ஆன்டெனாவைக் கட்டி, ஒருத்தன் மாடியில நின்னு திருப்புவான், ஒருத்தன் கீழ நின்னு கத்துவான். 'தெரியுதா?' 'தெரியலை!' 'இப்ப?' 'வந்துச்சு, வந்துச்சு, போயிருச்சு!' காத்து சரியா அடிச்சா இலங்கைப் படம் புள்ளி புள்ளியாத் தெரியும். அதுக்கே வாயைப் பொளந்து பார்த்தாங்க. அப்புறம் கொடைக்கானல் மலையில டவர் வச்சு டெல்லிக்காரன் படம் காட்டினான். அது பெரிய ராஜாங்கம். உரம் எப்படிப் போடறது, யார் எந்த ஊர்ல எதைத் திறந்து வச்சாங்க, சோகமா ஒரு வீணை. பாட்டு பாக்கணும்னா வெள்ளிக்கிழமை வரைக்கும் தவம் கிடக்கணும். ஜனங்க கிடந்தாங்க. சோத்துல கல் இருந்தாலும் போட்டதைத் தின்கிற ஜனம்.

நான் அப்ப ரேடியோ மெக்கானிக். மதுரைக்குப் போய்ப் பார்த்துட்டு வந்து, பொண்டாட்டி கழுத்துல கிடந்ததை வாங்கி, அந்த டிஷ்ஷை இறக்கினேன். புளியமரத்துல இருந்து மாடிக்கு, மாடியில இருந்து கோயில் மதிலுக்கு, நானே ஏறி நானே கம்பி இழுத்தேன். வருஷம் திரும்பறதுக்குள்ள ஊர் பூரா என் கம்பி. காலையில கண்ணு முழிச்சதும் அவங்க பார்த்தது நான் காட்டினதை. தூங்கப் போறதுக்கு முன்னால பார்த்ததும் நான் காட்டினதை.

மங்கை டாக்கீஸ்னு ஒண்ணு இருந்தது இங்க. முதலாளி நாகேந்திரன். பொங்கலுக்கு அவர் தியேட்டர்ல புதுப்படம்னா, பொங்கலன்னைக்கே நம்ம சேனல்லயும் அது ஓடும். கேசட் எப்படி வந்துச்சுன்னு கேக்காதீங்க, வந்துச்சு. ஒருநாள் அந்த மனுஷன் இந்தப் படியேறி வந்தார். வேர்த்துக் கொட்டுது. 'தெய்வா, நான் பணத்தைக் கட்டிப் படப்பெட்டி எடுத்துட்டு வர்றேன், நீ அதைத் திருடி ஊருக்கே ஓசியில காட்டறே, இது அடுக்குமாய்யா?'ன்னார். நான் நாற்காலி போட்டு உட்கார வச்சேன். காப்பி குடுத்தேன். 'முதலாளி, காலம் மாறுது. நாமதான் அதுக்குத் தக்கன மாறிக்கணும்'னு பக்குவமா எடுத்துச் சொன்னேன். காப்பியைத் தொடாமப் போயிட்டார். நல்லது சொன்னா ஏறாது சில பேருக்கு. இப்ப மங்கை டாக்கீஸ் கல்யாண மண்டபம். என் பொண்ணு தமயந்தி கல்யாணத்தை நான் அங்கதானே வச்சேன்?

அப்புறம் சொந்தச் சேனல். தெய்வா டிவி. பிறந்தநாள் வாழ்த்து, காதுகுத்து, கோயில் கொடியேத்தம், காணாமப் போன எருமை, எல்லாம் நம்மகிட்ட வந்தாத்தான் ஊருக்குத் தெரியும். போன் பண்ணினா கேட்ட பாட்டு. கேட்டதையெல்லாம் போட்டுற மாட்டேன். ஒரே வீட்டுல இருந்து ரெண்டு தடவை காதல் பாட்டு கேட்டா, அந்தப் பொண்ணோட அப்பனை நானே கூப்பிட்டு, 'கொஞ்சம் கவனிச்சுக்குங்க'ன்னு சொல்லிருவேன். அந்தப் பொறுப்பு இன்னைக்கு எவனுக்கு இருக்கு? இப்ப என்னடான்னா, ஒருத்தன் போன்ல என்ன பாக்கறான்னு அந்தப் போனே கம்பெனிக்காரனுக்குச் சொல்லிருதாமே! அடுத்தவன் வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கறதுக்கு ஒரு வெக்கம் வேண்டாம்? அசிங்கம் பிடிச்ச பொழப்பு.

நான் யாரையும் கை நீட்டி அடிச்சதில்லை தம்பி. கெட்ட வார்த்தை பேசினதில்லை. பிடிக்கலைன்னா லைனைப் புடுங்கிருவேன். அவ்வளவுதான். சலூன்கார பவுன்ராஜ், அப்ப அவனுக்கு ஏக எகத்தாளம், 'அண்ணன் சேனல்ல படம் பேயாட்டம் ஆடுதே'ன்னு நாலு பேர் முன்னால சொன்னான். கிரிக்கெட் ஃபைனல் அன்னைக்கு அவன் லைனைப் புடுங்கினேன். சாயங்காலத்துக்குள்ள வந்து நின்னான், துண்டைக் கக்கத்துல வச்சுக்கிட்டு. வாத்தியார் ஒருத்தர் கலெக்டருக்கு மனு எழுதிப் போட்டார். அவர் வீட்டம்மா பாக்கற சீரியல் நடுவுல புடுங்கினேன். அவரும் சாயங்காலத்துக்குள்ள வந்தார். எந்தச் சூரனா இருந்தாலும் சரி, லைனைப் புடுங்கினா சாயங்காலத்துக்குள்ள வந்து நிப்பான். என் தொழில்ல நான் கத்துக்கிட்டது இதுதான்.

சீரியல்னு சொன்னேன்ல? அதுலதான் வந்துச்சு வினை.

சீரியல்ல என்ன இருக்கு? ஒருத்தி அழுவா. இன்னொருத்தி அவ அழறதை ஒளிஞ்சு நின்னு பாப்பா. மூணாவது ஒருத்தி கதவைத் திறப்பா, அதை மூணு தடவை காட்டுவான். ஊர்ப் பொம்பளைங்க அதுக்காக உலையைக் கொதிக்க விட்டுட்டு உட்கார்ந்திருந்தாங்க. அந்த நேரம் பார்த்து, ஒரு காலத்துல நாடு பூரா கரண்டு கட்டு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? நம்ம தெருவுல இருந்தா மேலத்தெருவுல இருக்காது, அங்க இருந்தா இங்க இருக்காது. நம்ம வீட்டுல ஜெனரேட்டர். அதனால என் பொண்டாட்டி செண்பகம் ஒண்ணு விடாமப் பாத்துருவா. விட்டுப்போனவளுக என்ன பண்ணினாளுக? நம்ம வீட்டுல இருக்கிற கேபிள் புகார் நம்பருக்குப் போன். 'செண்பகக்கா, கரண்டு போயிருச்சு, அந்தப் பாவிமக வீட்டை எழுதி வாங்கிட்டாளா?'

இவ சொல்லுவா. சொல்றதுன்னா, அடுப்புல இருந்து சட்டியை இறக்கி வச்சுட்டு, சுவத்துல சாய்ஞ்சு உட்கார்ந்து, குரலை மாத்தி மாத்திச் சொல்லுவா. சொன்னாலும் உள்ளதைச் சொல்லணுமில்லையா? அது கிடையாது. ஒருநாள் அவ போன்ல பேசறதை நானே என் காதால கேட்டேன்.

'அந்த மருமக இன்னைக்கும் அழுதாளாக்கா?'

'அவ எதுக்குடி அழணும்? சோத்துக் கரண்டியைக் கீழ வச்சா. கையைத் துடைச்சா. எனக்குப் பசிக்குது, நான் முதல்ல சாப்பிடறேன், அப்புறம் உங்களுக்கெல்லாம் போடறேன்னு உட்கார்ந்துட்டா.'

'அய்யோ! மாமியா?'

'மாமியாளுக்கு விக்கல் வந்துருச்சு.'

அப்பட்டமான பொய் தம்பி! அந்த எபிசோடை நான்தான் ஒளிபரப்பினேன். அந்த மருமக ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் அழுதா, வேற ஒண்ணும் பண்ணலை. கரண்டு வந்து, மறுஒளிபரப்பைப் பார்த்த மேலத்தெரு காமாட்சி எங்கிட்டயே வந்து, 'அண்ணே, டிவியில தப்பாப் போட்டுட்டாங்க, செண்பகக்கா சொன்னதுதான் சரி'ன்னு புகார் குடுக்கறா. எடுத்தவனுக்குத் தெரியாத கதை இவளுக்குத் தெரியும்! அந்தக் காமாட்சி வீட்டு லைனையும் ரெண்டு நாள் புடுங்கி வச்சிருந்தேன்.

அப்பத்தான் செண்பகம் கேட்டா. 'ஏங்க, நம்ம சேனல்லயே சொல்றேனே. பிறந்தநாள் வாழ்த்து முடிஞ்சு கொஞ்ச நேரம். மாடி ரூம்லதான் சத்தமே வராதே.' மாடி ரூம்னா கன்ட்ரோல் ரூம். வாழ்த்துப் பதிவு பண்றதுக்காகச் சுவர் பூரா கெட்டித் துணி அடிச்சு வச்சிருந்தேன். ஊர்லயே வெளிச்சத்தம் வராத ரூம் அது ஒண்ணுதான். நான் சிரிச்சேன். 'கேபிள்காரன் பொண்டாட்டி ஊர் முன்னால உட்கார்ந்து ஊர்க்கதை அடிக்கிறான்னு சிரிப்பாங்க. உன் குரலை எவ கேப்பா? ஓசியில கிடைக்குதுன்னு கேக்கறாளுக'ன்னேன். அவ அப்பளம் பொரிக்கப் போயிட்டா. மறுநாள் போனை மாடிக்கு மாத்திட்டேன். அதுக்கப்புறம் போன் பண்ணினவளுக எல்லாம் என் குரலைக் கேட்டதும் வச்சுட்டாளுக. பார்த்தீங்களா, புகாரே இல்லை. தொழில் சுத்தமா நடந்துச்சு.

பிறகு என்ன, உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். வீட்டுக்கு வீடு சட்டி மாதிரி ஆளுக்கொரு குட்டி டிஷ், கம்பியே வேண்டாம்னான் ஒருத்தன். கம்பி வேணும், ஆனா ஒவ்வொரு டிவிக்கும் செட்டாப் பெட்டி வைக்கணும்னான் சர்க்கார்காரன். வச்சேன். அதுக்குள்ள போன்ல எல்லாம் வருதுன்னு வந்துச்சு. பஸ்ல ஒரு சீட்டுக்கு ரெண்டு பேர், ஆளுக்கொரு படம், ஆளுக்கொரு பாட்டு, அவன் இவனைப் பாக்க மாட்டான், இவன் அவனைப் பாக்க மாட்டான். அதுல என்ன பாக்கறாங்க? ஒருத்தன் பரோட்டா தின்கிறான், அதை லட்சம் பேர் பாக்கறான். ஒருத்தன் பெட்டியைப் பிரிக்கிறான். நான் கேக்கறேன், பெட்டியைப் பிரிக்கிறதுல என்னய்யா இருக்கு? இதுக்கு நம்ம எருமை விளம்பரம் எவ்வளவோ மேல். எருமையாவது கிடைக்கும்.

எல்லாத்தையும் விட ஒண்ணு சொல்றேன் கேளுங்க. அந்தச் செட்டாப் பெட்டியைச் சரி பார்க்க ஒரு பய வந்தான். முகத்துல பரு. 'சார், காலம் மாறுது சார், நாமதான் மாறிக்கணும்'னான். எங்கிட்ட! இந்த வீட்டுல நின்னுக்கிட்டு! எவ்வளவு திமிர் இருக்கணும்? அடுத்தவன் பொழப்புல மண்ணைப் போட்டுட்டு உபதேசம் வேற. காப்பி கூட குடுக்காம அனுப்பினேன்.

என்ன, மறுபடியும் பேரைக் காட்டறீங்க? இருங்க தம்பி, விஷயத்துக்கு வந்துட்டேன்.

தமயந்திக்கு திருப்பூர்ல பிரசவம். செண்பகம் அங்க போனா. பொண்ணு குடியிருக்கிற காம்பவுண்டு பூரா பனியன் கம்பெனிக்குப் போற பொம்பளைங்க. வேலை முடிஞ்சு வர்றப்ப சீரியல் முடிஞ்சுரும். இவ விடுவாளா? குழந்தையைக் கால்ல போட்டுக்கிட்டு ஆரம்பிச்சுட்டா. என் பொண்ணு, என் ரத்தம், அதைப் போன்ல படம் எடுத்து யூடியூப்ல போட்டுட்டா. 'விட்டுப்போன கதை'ன்னு பேரு. திரும்பி வர்றப்ப செண்பகம் பையில ஒரு போனும், அதை நிக்க வைக்கிற மூணு காலும் இருந்துச்சு. வந்த மறுநாள், 'ஏங்க, மாடி ரூம் சும்மாதானே கிடக்கு'ன்னா.

சும்மாவா கிடக்கு? என் மிஷினெல்லாம் அங்க இருக்கு. ஓடலை, சரி. தினமும் துடைச்சு வச்சுக்கிட்டிருந்தேன். எதுக்குன்னு கேட்டா. எதுக்குன்னா, ஒரு மரியாதைக்கு. அந்த ரூம்ல உட்கார்ந்துதான் நான் இந்த ஊரையே நடத்தினேன். அதுல போய், மூணு கால்ல ஒரு போனை நிறுத்தி, வாயில வந்ததைச் சொல்றதா? முடியாதுன்னேன். 'ஒரு மூலை போதுங்க'ன்னா. முடியாதுன்னேன்.

அன்னைக்கே ரூமைப் பூட்டிட்டேன். அவ அடுப்படியில உட்கார்ந்து போன்ல லைவ்வாப் பேசினா. அந்த அடுப்படி ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது, பட்டப்பகல்லயே லைட் போடணும். நடுவுல குக்கர் கத்தும். மீன்காரன் கத்துவான். 'அக்கா, மீன் வந்துருச்சு, போய் வாங்கிட்டு வந்து மிச்சத்தைச் சொல்லுங்க'ன்னு துபாய்ல இருந்து ஒருத்தி எழுதறா. கூறுகெட்ட கூட்டம். நான் கூடத்துல டிவியைச் சத்தமா வச்சுப் பார்த்தேன். அவ அதையும் கதையில சேத்துக்கிட்டா. 'பக்கத்து வீட்டுல சண்டை நடக்குது, கண்டுக்காதீங்க'ன்னுட்டா.

ஒருநாள் மத்தியானம் எனக்குத் தாங்கலை. எழுந்து போய் மெயினை ஆஃப் பண்ணினேன்.

சொன்னேனே, என் தொழில் அது. லைனைப் புடுங்கினா வந்து நிக்கணும். நான் மெயின்கிட்டயே நின்னு பாக்கறேன். வரலை. அடுப்படி கும்மிருட்டு. உள்ள இருந்து குரல் மட்டும் வருது. 'கரண்டுதான் போயிருக்கு, கதை போகலை. இருங்க'ன்னு சொல்லிட்டுத் தொடர்ந்து பேசறா. எனக்கு அப்பத்தான் உறைச்சுது. அவ போன் என் மெயின்ல ஓடலை. என் கம்பியிலயும் ஓடலை. அது பாட்டுக்குத் தன்னால ஓடுது. இந்த இழவுக்கு எங்க புடுங்கறது, சொல்லுங்க? நீங்களே அந்தக் கம்பெனிக்காரர்தானே, எங்க புடுங்கறது?

அந்த இருட்டுல பேசினதைத்தான் ஜனங்க இன்னைக்கு வரைக்கும் தேடித் தேடிப் பாக்கறாங்களாம். படத்துல ஒண்ணுமே தெரியாது தம்பி! கறுப்பா இருக்கும். அதை உட்கார்ந்து பாக்கறான் பாருங்க, அவன் மூளையை என்ன சொல்றது!

முடிச்சுட்டு வெளிய வந்தா. அவளே மெயினைப் போட்டா. என்னைப் பார்த்து, 'நான் உங்க கஸ்டமரா?'ன்னு கேட்டா. மறுநாள் காலையில திருப்பூர் பஸ் ஏறிட்டா. நான் பதறலை. சாயங்காலத்துக்குள்ள வந்துருவான்னு உட்கார்ந்திருந்தேன்.

ஆடியில போனா. இப்ப தை பிறந்தாச்சு.

சமைக்கத் தெரியுமாவா? இட்லிக் கடை எதுக்கு இருக்கு? எனக்கு ஒரு குறையும் இல்லை. வீடு அமைதியா இருக்கு. மாடி ரூம் எப்படியோ, இப்ப வீடு பூராவும் அப்படித்தான், ஒரு சத்தம் கிடையாது.

அங்க போய் இவ என்ன பண்றா தெரியுமா? சீரியலை விட்டுட்டா. இப்ப சொந்தக் கதை. ஒரு மாவு மில்லுக்காரன். அவன் மில்லுலதான் ஊரே அரைச்சாகணும். எவளாவது முறைச்சுப் பேசினா மிஷின் பெல்ட்டைக் கழட்டி அரைவையை நிறுத்திருவான். அவன் பொண்டாட்டி மில்லுக்குள்ள பாடினா, பெல்ட்டைக் கழட்டிட்டு, 'உன் பாட்டுக்கு மாவு கசக்குது'ம்பான். இப்படி ஒரு கதை. நான் தேடிப் போய்ப் பாக்கலை. டீக்கடையில பத்து மணிக்கு எவனாவது போன்ல போடுவான், காதுல விழும். பத்து மணிக்கு டீ குடிக்கிறது எனக்கு வழக்கம். இப்பக் கொஞ்ச நாளா வந்த வழக்கம்.

ஊர்ல எல்லாரும் அந்த மில்லுக்காரன் நான்தான்னு நினைக்கிறாங்க. கூமுட்டைப் பயலுக. எனக்கு மில்லா இருக்கு? அவனுக்குப் பெரிய தொந்தி, எனக்குத் தொந்தியா இருக்கு? அவன் அயோக்கியன்யா, ஒத்துக்கறேன். கட்டினவளைப் பாடவிடாதவன் மனுஷனா? அவனுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

கடைசியா என்ன சொன்னா தெரியுமா? மில்லுக்காரன் பொண்டாட்டி பையை எடுத்துக்கிட்டு வெளியூர் வந்துட்டா. பஸ் ஸ்டாண்டுல நிக்கிறா. ஊருக்குப் போற பஸ் வருது. 'ஏறுவாளா மாட்டாளா, எனக்கே இன்னும் தெரியலை. தெரிஞ்சதும் சொல்றேன்'னு நிறுத்திட்டா. மார்கழி பூரா ஒண்ணும் போடலை. ஒளிபரப்புன்னா ஒரு நேரம் காலம் வேண்டாமா? நான் இத்தனை வருஷத்துல ஒரு நாள் நிறுத்தியிருப்பேனா? பாக்கறவன் அடிவயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான்னு ஒரு அக்கறை வேண்டாம்?

அந்த வீடியோவுக்குக் கீழ ஆளாளுக்கு எழுதறாங்க. 'போகாதீங்க அக்கா, அவன் திருந்த மாட்டான்.' இதான் அதிகம். மலேசியாவுல இருக்கிறவ முடிவு பண்றா, என் வீட்டுக்கு... அந்த மில்லுக்காரன் வீட்டுக்கு அவ போகணுமா வேண்டாமான்னு. பவுன்ராஜ் போன வாரம் என் தாடையில கத்தியை வச்சுக்கிட்டு, 'அண்ணே, மில்லுக்காரர் என்ன பண்ணப் போறாரு?'ன்னு கேக்கறான். 'எனக்கெப்படிடா தெரியும்?'னேன். 'இல்லண்ணே, அவரு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல'ங்கறான். முட்டாப் பய. போன் பண்ணாமலா இருந்தான்? ரெண்டு தடவை பண்ணினான். அவ எடுத்து 'சொல்லுங்க'ன்னதும் என்ன சொல்றதுன்னு தெரியலை, வச்சுட்டான். இதை அவ கதையில சொல்லலையே! பாதியை மறைச்சா ஜனங்க எப்படி நியாயமா எழுதுவாங்க?

யார் அது வாசல்ல? உங்க ஆளா? கம்பியை உள்ள கொண்டு வர வேண்டாம்பா, அங்கேயே வை. வேலை இல்லை. எங்க தம்பி கையெழுத்துப் போடணும்? விரலாலயா? இந்தக் கண்ணாடி மேல விரலை இழுத்தா அது கையெழுத்தா? கருமம். சரி, யார் பேருக்கு வந்துச்சோ அந்தப் பேரைப் படிங்க, அவங்களையாவது தேடிப் போங்க. படிங்க.

திரும்பப் படிங்க.

தெ. செண்பகவல்லி.

அந்த இனிஷியல் என்னோடது. கல்யாணத்துக்கு அப்புறம் மாத்தினது. வேற எதுவும் எழுதியிருக்கா? 'மாடி அறை.' மாடி அறைன்னா? ஓ. அப்படியா சேதி.

இதை நீங்க முதல்லயே சொல்லக் கூடாதா? சொன்னீங்களா? எப்பச் சொன்னீங்க?

முடியாது தம்பி. மாடி ரூம் முடியாது. அடுப்படிக்கு இழுங்க. நான் என்ன கொடுமைக்காரனா, வேண்டாம்னா சொல்றேன்? அடுப்படிக்கு இழுங்க, நல்லா, ஆணி அடிச்சு, அழகா இழுங்க. ஒரு புது பல்பு கூட நான் வாங்கி மாட்டறேன். அவங்களைக் கேக்கணுமா? கேளுங்க. என் பேரைச் சொல்லாதீங்க. பக்கத்துல இருக்கேன்னு சொல்லாதீங்க.

எடுத்துட்டாளா?

என்ன சொல்றா? அடுப்படி வேண்டாமா? மாடி ரூம் இல்லைன்னா லைனே வேண்டாம், ரத்து பண்ணிருங்கன்னு சொல்றாளா? அவ்வளவு தைரியமா? குரல் எப்படி இருக்கு? இல்லை, சளி பிடிச்சிருக்கா என்னன்னு கேட்டேன். தை மாசம் அவளுக்கு ஒத்துக்காது. சரி, அதை விடுங்க. ரூம் பூட்டியிருக்கு, சாவி தொலைஞ்சு போச்சுன்னு சொல்லுங்க. தொலைஞ்சு ரொம்ப நாளாச்சுன்னு சொல்லுங்க.

என்னவாம்? எங்க இருக்காம்?

என் அரைஞாண் கயித்துலயா! அதைப் போய் முன்பின் தெரியாத ஆள்கிட்டச் சொல்றாளே, இவளை என்ன பண்றது! சிரிக்காதீங்க. அங்க அவளும் சிரிக்கிறாளா? சிரிக்கலையா. சரி.

இன்னொண்ணு கேளுங்க. நான் கேக்கலை, நீங்க கேக்கற மாதிரி கேளுங்க. லைன் எப்ப வேணும், ஆள் எப்ப வீட்டுல இருப்பாங்கன்னு, வழக்கமா நீங்க கேப்பீங்கல்ல, அந்த மாதிரி.

ம்.

மாடி ரூம்ல லைன் ஓடுதுன்னு நீங்க சொன்னதும் பஸ் ஏறுவாளா? சொல்லலைன்னா?

ம். ம்.

என் மிஷினை எங்கய்யா வைக்கிறது? அவ்வளவு கனம். ரெண்டு பேரும் ஒரு கை குடுக்கணும் எனக்கு. கீழ கூடத்துல வைக்கலாம். இல்லை, ஒரு மூலையில அங்கேயே இருக்கட்டும், ஒரு மூலை போதும். கேளுங்க, ஒரு மூலைக்கு என்ன சொல்றான்னு. துணி போட்டு மூடி வச்சுடறேன்னு சொல்லுங்க. நான் சத்தம் போட மாட்டேன்னும் சொல்லுங்க.

சரின்னுட்டாளா?

இந்த நூல் மாதிரிக் கம்பியை வச்சுக்கிட்டு நீங்க என்னத்தைக் கிழிக்கப் போறீங்களோ. சுவத்துல ஓட்டை போடறப்ப நான் சொல்ற இடத்துல போடணும், ஆமா. உங்க ஆளுக வேலை எனக்குத் தெரியும். இப்ப ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. வேட்டியைத் தளர்த்தாம அது வராது. பாழாப்போன முடிச்சு, போட்ட நாள்ல இருந்து அவுக்கவே இல்லை, இறுகிக் கிடக்கு.

போனை வச்சுடாதீங்க. அவுத்துக்கிட்டு இருக்கேன்னு சொல்லுங்க.